7.5 சதவீத உள் ஒதுக்கீடு: அரசுப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்தா உள்ளிட்ட இந்திய மருத்துவம், ஹோமியோபதி ஆகிய இளநிலைப் படிப்புகளில் மாநில அரசு நிரப்பும் இடங்களில் 7.5 சதவீதத்தைத் தனியே ஒதுக்கும் சட்டம் இது. 2020இல் மருத்துவப் படிப்புகளுக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் தனிச் சட்டம் வந்தது. கலை, அறிவியல் பட்டப்படிப்புகள் இதில் அடங்காது.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள், நகரத்தில் இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். இதை ஆராய முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின்படி 2006ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை ஒழித்தது. 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் பத்தாண்டுகள் மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடந்தது. அந்தக் காலத்திலும் அரசுப் பள்ளி மாணவர்கள் அதிகம் பேர் மருத்துவம் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் இருந்தது.

2017இல் நீட் கட்டாயமானதும் அதுவும் கரைந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை மாநிலம் முழுவதற்கும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மாநிலத்துப் பள்ளி மாணவர்களில் ஐந்தில் இருவர் படிக்கும் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மருத்துவ இடங்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே போனார்கள். இது பிள்ளைகளின் அறிவுக் குறைவு அல்ல. கேள்வித்தாள் வேறு பாடத்திட்டத்தைச் சார்ந்தது, பயிற்சி மையத்தின் கட்டணமோ குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே மிஞ்சியது. நிலைமையின் வேர் அங்கே இருந்தது.

இதற்கு முன் வேறு வழிகள் முயலப்பட்டனவா?

பலமுறை முயலப்பட்டன. ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் தடுக்கி விழுந்தது. மருத்துவ இடங்களை மாவட்ட வாரியாகப் பிரிக்கும் முறையை உச்ச நீதிமன்றம் 1968இல் செல்லாது என்றது. 1990களின் பிற்பகுதியில் கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீதம் வந்தது, பின்னர் 25 ஆக உயர்த்தப்பட்டது. அதுவும் உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2017 ஜூனில், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு 85 சதவீதம் என்று அரசு ஆணை போட்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீட்டிலிருந்தே விலக்குக் கேட்டு 2017இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கும், 2021இல் நிறைவேற்றி 2022இல் மீண்டும் அனுப்பிய மசோதாவுக்கும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் 7.5 ஏன் நின்றது என்பது விளங்கும். அது நீட்டைத் தொடவில்லை. தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஊரையோ மாவட்டத்தையோ அளவுகோலாக்காமல் படித்த பள்ளியை அளவுகோலாக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் போடுவதற்கு முன்பே ஓர் ஆணையம் தரவுகளைத் திரட்டி வைத்திருந்தது.

2020இல் என்னென்ன நடந்தது?

மார்ச் மாதம் முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தபடி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி பொ. கலையரசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. ஜூனில் அறிக்கை வந்தது. ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவீதம். அமைச்சரவை 7.5 என்று முடிவு செய்தது. செப்டம்பர் 15 அன்று மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது.

பிறகு ஆறு வாரங்கள் ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நீட் முடிவு வந்துவிட்டது, கலந்தாய்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29 அன்று, அரசியல் சட்டத்தின் 162ஆம் பிரிவு தரும் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசு ஆணையாகவே இதை வெளியிட்டது மாநில அரசு. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் தந்தார். நவம்பர் 18 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் கலந்தாய்வு தொடங்கியபோது முதலில் அழைக்கப்பட்டவர்கள் அரசுப் பள்ளி மாணவர்கள். முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கம், அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். மட்டும் முந்நூறுக்கு மேல்.

கட்டணத்தை அரசு ஏற்றது எப்போது?

கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தபோதுதான். சட்டம் இடத்தைக் கொடுத்ததே தவிர கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள், இடம் கிடைத்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். இது வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்ததும், சுழல் நிதி ஒன்றை உருவாக்கி அதிலிருந்து கட்டணத்தை அரசே நேரடியாகக் கல்லூரிக்குச் செலுத்தும் என்ற அறிவிப்பு அதே வாரத்தில் வந்தது. இட ஒதுக்கீட்டையும் கட்டணத்தையும் ஒன்றாக யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உதவித்தொகைத் திட்டம் வகுக்கும் எவரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பொறியியலுக்கு எப்படி வந்தது?

2021இல், டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி த. முருகேசன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று மசோதா நிறைவேறியது. செப்டம்பர் 20 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆணைகளை வழங்கிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார். முந்தைய ஆண்டின் பாடம் இங்கே பயன்பட்டது.

யாருக்குத் தகுதி உண்டு?

6, 7, 8, 9, 10, 11, 12 ஆகிய ஏழு வகுப்புகளையும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழில் ஒன்று குறைந்தாலும் தகுதி போய்விடும். பள்ளிக் கல்வித் துறைப் பள்ளிகளோடு மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் ஆகியவையும் அரசுப் பள்ளிகளே. ஒரு அரசுப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பாதகமில்லை. 1 முதல் 5 வரை எங்கே படித்தார்கள் என்பது கணக்கில் வராது.

அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால்?

தகுதி இல்லை. அதிகம் பேர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். அங்கேயும் கட்டணம் இல்லை, அதே பாடநூல், அதே மிதிவண்டி, ஆசிரியருக்குச் சம்பளமும் அரசே தருகிறது. ஆகவே அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் நிர்வாகம் தனியாருடையது, சட்டம் அதைச் சேர்க்கவில்லை. உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்கக் கோரிய வழக்கை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீட்டு நிலைமை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுடையதைப் போன்றதே என்பதால் இது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும்போதே பள்ளியின் நிர்வாக வகை என்ன என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு?

25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்து 8ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு. அந்த ஒதுக்கீட்டில்தான் படித்தார் என்பதற்குத் தனியார் பள்ளியின் சான்று தேவை. 8ஆம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே அதையும் எழுதி வாங்கிவிடுங்கள். நான்கு ஆண்டு கழித்துப் போனால் பதிவேட்டைத் தேட வேண்டிவரும், சில பள்ளிகள் மூடப்பட்டும் இருக்கும்.

சாதிவாரி இட ஒதுக்கீடு இதனால் பாதிக்கப்படுமா?

இல்லை. 69 சதவீத ஒதுக்கீட்டுக்கு உள்ளேயே இது செயல்படுகிறது. பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியலினத்தவர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்ற அதே விகிதத்தில்தான் 7.5 சதவீத இடங்களும் பிரிக்கப்படுகின்றன.

ஒரு கல்லூரியில் எத்தனை இடம் வரும்?

100 எம்.பி.பி.எஸ். இடம் உள்ள அரசுக் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 85இல் 7.5 சதவீதம் 6.375, அதாவது ஏறத்தாழ 6 இடம். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரியில் 65 சதவீதமும், சிறுபான்மைக் கல்லூரியில் 50 சதவீதமும் அரசு ஒதுக்கீடு. அந்தப் பகுதியில் மட்டுமே 7.5 கணக்கிடப்படும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 7.5 இடம் வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால், அது மோசடி.

நல்ல மதிப்பெண் இருந்தால் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளலாம். பொதுத் தரவரிசையிலும் 7.5 தரவரிசையிலும் பெயர் வரும். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றை நன்றாக யோசியுங்கள்: முழுக் கட்டணச் சலுகை 7.5 ஒதுக்கீட்டில் எடுத்த இடத்துக்கே உரியது. அதே கல்லூரி, அதே படிப்பு இரண்டு வழியிலும் கிடைத்தால் 7.5 வழியில் எடுப்பதே குடும்பத்துக்கு நல்லது. பொது வழியில் தெளிவாகச் சிறந்த கல்லூரி கிடைத்தால், முதல் பட்டதாரி சலுகையும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடும், விடுதிச் செலவைத் தொடாது.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்? எங்கே தவறு நடக்கிறது?

10, 11, 12 மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். மருத்துவத்துக்கு நீட் நுழைவுச் சீட்டும் மதிப்பெண் அட்டையும். இவற்றோடு, 6 முதல் 12 வரை படித்ததற்கான பள்ளிச் சான்று. உயிர்நாடி இந்தக் கடைசித் தாள்தான்.

இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டு தலைமை ஆசிரியரிடமும் வாங்க வேண்டும். அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் உள்ள படிவத்திலேயே வாங்குங்கள், பள்ளியின் கடிதத்தாளில் வேண்டாம். கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்டிருந்தால் அதற்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். வகுப்பும் கல்வியாண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஒரு வகுப்பின் ஆண்டு தவறினாலும் இடையில் வேறு பள்ளியில் படித்ததுபோல் தோன்றும். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் இணையப் பதிவேடான எமிஸிலும் இதே விவரம் இருக்க வேண்டும். பிளஸ் டூ தொடங்கும்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லி எமிஸில் பழைய பள்ளி விவரத்தைச் சரிபார்த்துவிட்டால், கடைசி வாரத்து ஓட்டம் மிச்சம்.

மற்றொரு தொல்லை பெயர். மதிப்பெண் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். இதில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். சாதிச் சான்றிதழைத் திருத்த இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மே மாத நெரிசலுக்கு முன் மார்ச்சிலேயே செய்வது நல்லது.

மருத்துவக் கலந்தாய்வின் படிகள் என்ன?

நீட்டில் தகுதி பெற்றதும், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்ப அறிவிப்பு வெளியிடும். விண்ணப்பத்தில் 7.5 பிரிவு கேட்கும் இடத்தைக் கட்டாயம் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டுவிட்டு, பிறகு சேர்க்கச் சொல்லி அலைபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. தனித் தரவரிசைப் பட்டியல் வரும், பிழை இருந்தால் முறையிடக் குறுகிய அவகாசம் தரப்படும். இந்தப் பிரிவுக்குக் கலந்தாய்வு பல ஆண்டுகளில் சென்னையில் நேரடியாக நடந்திருக்கிறது. அப்படியானால் மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் கொண்டுபோக வேண்டும். பயணத்துக்கு முன் இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

பொறியியலுக்கு?

நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 84, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்தவரின் கட் ஆஃப் 84 + 35 + 38 = 157. விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, விருப்பப் பட்டியல் எல்லாமே இணையத்தில் நடக்கும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பொறியியல் சேர்க்கைச் சேவை மையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். தனியார் பிரவுசிங் சென்டரில் கடவுச்சொல்லை விட்டுவிட்டு வராதீர்கள். விருப்பப் பட்டியலை வேறொருவர் மாற்றிவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி போட வேண்டும்?

பத்து, பதினைந்தோடு நிறுத்துவது பெரிய தவறு. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, அதனால் ஐம்பதுக்கு மேல் போடுங்கள். முந்தைய ஆண்டு 7.5 பிரிவில், உங்கள் சாதிப் பிரிவில், அந்தக் கல்லூரியின் அந்தப் பாடம் எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல கல்லூரியை விட்டுவிடுபவர்கள் அதிகம். உங்கள் மதிப்பெண்ணைவிட 10, 15 கூடுதலாக முடிந்த இடங்களில் தொடங்கி, உங்கள் அளவில் நிறையப் போட்டு, 15 குறைவாக முடிந்தவை வரை இறங்குங்கள். வரிசை மிக முக்கியம்: கிடைக்குமா என்பதைப் பார்த்து வரிசைப்படுத்தக் கூடாது, எது வேண்டும் என்பதைப் பார்த்தே வரிசைப்படுத்த வேண்டும். மென்பொருள் மேலிருந்து கீழே பார்த்து, கிடைக்கும் முதல் இடத்தைத் தந்துவிடும். கீழே இருப்பதை அதற்குப் பிறகு பார்க்காது.

விடுதிச் செலவையும் அரசு ஏற்பதால், வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்காகத் தரம் குறைந்த கல்லூரியை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை வலியுறுத்திச் சொல்கிறோம். கிண்டியில் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்தால், பிள்ளையின் உழைப்பு பாதியில் நின்றுவிடும்.

கல்லூரி பணம் கேட்டால்?

அரசு ஏற்ற கட்டணத்தை உங்களிடம் வசூலிக்கக் கூடாது. அரசிடமிருந்து பணம் வரத் தாமதமாகிறது, இப்போது கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன. தாமதம் கல்லூரிக்கும் அரசுக்கும் இடையிலான விஷயம். எந்தக் கட்டணம், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டவர்கள் பலர் எழுத்தில் கேட்டதும் பின்வாங்குவார்கள். எழுதித் தந்தால் அந்தத் தாளோடு, மருத்துவம் என்றால் தேர்வுக் குழுவிடமும், பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடமும் புகார் கொடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

மாதம் 1,000 ரூபாய் இதோடு சேர்ந்து கிடைக்குமா?

கிடைக்கும். மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன். இரண்டும் தனித் திட்டங்கள், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பணம் வராததற்கு முதல் காரணம், வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாதது. இரண்டாவது, ஆதார் வேறொரு பழைய கணக்கோடு இணைந்திருப்பது. பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், பிள்ளைக்குத் தெரியாது.

ஐ.ஐ.டி. கிடைத்தால்?

7.5 அங்கே செல்லாது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேர்பவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசு ஏற்கும் என்று 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சேர்க்கைக் கடிதம் வந்ததும் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் முறை நீட் எழுதியவருக்கும் 7.5 உண்டா?

உண்டு. அந்த ஆண்டே பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இதனால் முதல் முறை எழுதும் பிள்ளை, ஓராண்டு முழுநேரம் பயின்றவரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. ஓராண்டைச் செலவிட முடிந்த குடும்பத்துக்கும் முடியாத குடும்பத்துக்கும் இடையே அரசுப் பள்ளிக்குள்ளேயே ஒரு இடைவெளி உண்டாகிறது. திட்டத்தை மறுஆய்வு செய்யும்போது பேச வேண்டிய விஷயம் இது.

சேர்ந்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

முதல் இரண்டு செமஸ்டர். பெரும்பாலான சறுக்கல் அங்கேதான். பொறியியலில் கணிதமும் இயற்பியலும், மருத்துவத்தில் உடற்கூறியலும் ஆங்கிலப் பாடநூலின் வேகத்தில் வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குப் பாடம் புரியாததைவிட, கேள்வி கேட்கக் கூச்சப்படுவதே பெரிய தடை. முதல் மாதத்திலேயே அரியர் இல்லாத மூத்த மாணவர் ஒருவரோடு சேர்ந்து படிப்பதும், ஒவ்வொரு பாடத்திலும் கலைச்சொற்களைத் தமிழோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் பலன் தருகின்றன. சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ்வழிப் பொறியியல் 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இந்த ஒதுக்கீடு எவ்வளவு காலம் இருக்கும்?

2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி முனீஸ்வர் நாத் பண்டாரி தலைமையிலான அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கூடவே, ஐந்து ஆண்டுகளில் மறுஆய்வு செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பழைய செய்தியை நம்பாமல் அவர்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுஆய்வில் அரசு காட்ட வேண்டிய கணக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு முடியக் கூடாது. எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், 7.5 இல்லாமலே எத்தனை அரசுப் பள்ளி மாணவர்கள் பொதுத் தரவரிசையில் இடம் பிடித்தார்கள் என்ற இரண்டு எண்களையும் ஆண்டுவாரியாக வெளியிட வேண்டும்.